கேட்டுக் கேட்டு ஊர் பிடிக்கும் பெட்டி

உலகப்படம் முதல்தரம். அட்டைகளில் அரைவாசி தேறும். மணற்கடிகாரம் குப்பை. அவசரக்காரருக்கு இந்த விளையாட்டுப் பெட்டியின் விமர்சனம் இவ்வளவுதான், மற்றவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

பெட்டியை நான் வாங்கவில்லை. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணையின் மகள் கொண்டுவந்தாள். பெயரைச் சொல்லிப் பயனில்லை. இந்த வகைப் பெட்டிகள் பல பெயர்களில் விற்கின்றன, உள்ளே இருக்கும் விளையாட்டு ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் அட்டை ஒன்றை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்வார். அதில் உலகத்தின் எங்கோ ஓரிடத்தின் பெயர் இருக்கும். மற்றவர்கள் கேள்வி கேட்டு அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். பதில் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ மட்டும். இருபது கேள்விக்குள் பிடிக்காவிட்டால் அட்டை வைத்திருப்பவருக்குப் புள்ளி. நாட்டை மட்டும் சொன்னால் அரைப் புள்ளி, இடத்தையே சொன்னால் முழுப் புள்ளி.

எங்கள் வீடு இலங்கையின் வடக்கே, வன்னியில், மாங்குளத்தில். முன்பக்கம் போட்டோக்கொப்பியும் கொப்பி பென்சிலும் விற்கும் கடை, பின்பக்கம் குடியிருப்பு. கடை பூட்டியபிறகு வாங்கில் படத்தை விரித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். கரண்ட் போனாலும் விளையாட்டு நிற்காது, ரோச் லைற் இருந்தால் போதும். கைபேசியில் இதே விளையாட்டு உண்டு என்று மகன் காட்டினான். ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு இந்த வாங்கு தேவையில்லையே.

முதலில் படம். பிளாஸ்டிக் பூசியது, மாக்கரால் கீறித் துணியால் துடைக்கலாம். நாட்டெல்லைகளும் அகலாங்கு நெட்டாங்குக் கோடுகளும் தெளிவாக இருக்கின்றன. இன்னொரு நல்ல விஷயம், கிறீன்லாந்து அதன் உண்மையான அளவுக்குக் கிட்ட இருக்கிறது. என் கடைச் சுவரில் தொங்கும் பழைய உலகப்படத்தில் கிறீன்லாந்தும் ஆபிரிக்காவும் ஒரே அளவு போலத் தெரியும். உண்மையில் ஆபிரிக்கா அதைப்போல ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. கேள்வி கேட்கக் கேட்கக் கழிபட்ட நாடுகளை மாக்கரால் அடித்துக்கொண்டு போவதில்தான் இந்த விளையாட்டின் ருசி முழுக்க இருக்கிறது. அதற்கு இந்தப் படம் அருமையாகப் பொருந்துகிறது.

இனி கேள்விகள். முதல் நாட்களில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்றால், எடுத்த எடுப்பில் ‘லண்டனா? பரிசா? சுவிஸா?’ என்று அடுக்கினார்கள். ஒரு கேள்விக்கு ஒரு ஊர் கழிந்தால் இருபது கேள்விக்கு இருபது ஊர்தான். ஒவ்வொரு கேள்வியும் இருப்பதில் பாதியைக் கழிக்குமென்றால் கணக்கு வேறு. ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள் இருக்கின்றன. எட்டு முறை பாதியாக்கினால் 256 வரைக்கும் பிரித்துப் பார்த்துவிடலாம், ஆகவே நாட்டைப் பிடிக்க எட்டுக் கேள்வி காணும். இருபது முறை பாதியாக்கினால் 10,48,576 இடங்களுக்குள் ஒன்றைப் பிடிக்கலாம். இதைக் கேட்டதும் பத்தாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, ‘அப்ப அன்ரி, எங்கட வளவுக்கையும் வந்திரலாம்’ என்றான்.

ஆனால் பாதியாகப் பிரிக்கும் கேள்வி லேசில் வாய்க்காது. ‘மத்திய கோட்டுக்குத் தெற்கிலா?’ என்ற கேள்வி பார்வைக்கு அழகாக இருக்கும். உலகத் தரையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வடக்கில் கிடக்கிறது, சனத்திலும் பெரும்பகுதி வடக்கில்தான். ஆகவே அநேகமாக ‘இல்லை’ என்றே பதில் வரும், பெரிதாக எதுவும் கழியாது. ‘கிறீன்விச் கோட்டுக்குக் கிழக்கிலா?’ என்பதும் அப்படித்தான். ‘குளிரான இடமா?’ என்று கேட்டால் அதைவிட மோசம். மன்னார்க்காரியான என் மாமிக்கு நுவரெலியாவே பனிமலை. ‘பெரிய ஊரா?’ என்றாலும் இழுபறிதான், மாங்குளத்துப் பிள்ளைக்கு வவுனியாவே பெரிய ஊர்.

பிள்ளைகள் கண்டுபிடித்த இன்னொரு கேள்வி, ‘எங்கட ஆக்கள் அங்க இருக்கினமா?’ இதற்கு எந்த அட்டைக்கும் ‘ஓம்’ என்றுதான் சொல்ல வேண்டிவந்தது. சும்மா ஒரு கேள்வி வீணாகும். தடை செய்துவிட்டோம்.

என் கையில் ஒரு துருப்பு இருந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2002 சமாதான காலத்தில் வவுனியாவில் ஒரு கொமினிகேசனில், அதாவது வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுக்கும் கடையில், வேலை செய்தேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வன்னியிலிருந்து வரும் தாய்மார் ஒரு துண்டுத்தாளில் நம்பரை எழுதிக்கொண்டு வருவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, நம்பரை அடித்துக் கொடுத்து, மீற்றரைப் பார்த்துக்கொண்டு இருப்பது என் வேலை. மேசைக்கு மேலே நாட்டுக் குறியீட்டு அட்டவணை ஒட்டியிருந்தது. ஒரு மாதத்தில் அதைப் பார்க்கும் தேவையே இல்லாமல் போயிற்று. 41 சுவிஸ், 47 நோர்வே, 49 ஜேர்மனி, 33 பிரான்ஸ், 45 டென்மார்க். துண்டை வாங்கும்போதே மகன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

அந்தக் குறியீடுகள் கண்டபாட்டுக்குப் போட்டவை அல்ல. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1960களில் உலகத்தை வலயங்களாகப் பிரித்துத்தான் முதல் இலக்கத்தைக் கொடுத்தது. 1 என்றால் கனடாவும் அமெரிக்காவும், யமேக்கா மாதிரிக் கரீபியன் தீவுகளில் பலவும். 2 பெரும்பாலும் ஆபிரிக்கா. 3, 4 இரண்டும் ஐரோப்பா. 5 மெக்சிக்கோ தொடக்கம் தென்னமெரிக்கா வரை. 6 மலேசியா, அவுஸ்திரேலியா, பசிபிக் தீவுகள். 7 ரஷ்யாவும் கசகஸ்தானும். 8 ஜப்பான், கொரியா, சீனா பக்கம். 9 துருக்கியிலிருந்து இந்தியா, இலங்கை, மியன்மார் வரை. ஆகவே ‘குறியீடு 3 அல்லது 4 இல் தொடங்குமா?’ என்று கேட்டால் ஒரே கேள்வியில் ரஷ்யாவைத் தவிர ஐரோப்பா ஏறக்குறைய முழுவதும் உள்ளே, அல்லது வெளியே. கோடு கீறின மாதிரித் தெளிவான பதில், எவரும் வாதாட முடியாது. இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

இந்த முதற்கேள்வி நன்றாக வேலை செய்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது பெட்டியின் குறை. அட்டைகளில் பாதிக்குக் கிட்ட ஐரோப்பா. 54 நாடுகள் உள்ள ஆபிரிக்காவுக்கு ஒரு கைப்பிடி அட்டை, அதிலும் பிரமிட், கிளிமஞ்சாரோ, விக்டோரியா நீர்வீழ்ச்சி என்று சுற்றுலாப் படங்கள். இலங்கைக்கு ஒன்று, சிகிரியா. வன்னியை எதிர்பார்த்து நான் பெட்டியைத் திறக்கவில்லை, ஆனாலும் இத்தாலிக்கு அத்தனை அட்டையைக் கொடுத்துவிட்டு இந்து சமுத்திரத்தையே மறந்தால் எப்படி?

அப்படியிருந்தும் ஓர் அட்டை எல்லோரையும் ஓடவிட்டது. அட்டை என் கையில். மகன் வழக்கம்போலத் தொடங்கினான், 3 அல்லது 4? இல்லை. 2 இல் தொடங்குமா? ஓம். மகள் உடனே மாக்கரை எடுத்து ஆபிரிக்காவை விட்டு மிச்ச உலகத்தையே அடித்துத் தள்ளினாள். சித்தப்பா முன்பு சரக்குக் கப்பலில் வேலை செய்தவர், எந்த ஊர் என்றாலும் அவருக்கு ஒரே கேள்விதான்.

“பிள்ளை, கப்பலால போகலாமோ?”

“ஓம்.”

தீவா? ஓம். மடகஸ்கார், மொரிசியஸ், சீசெல்ஸ், கேப் வேர்ட் என்று மகன் விரல் மடித்தான். மாமி சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, “அங்க பெருக்கமரம் நிக்குமோ?” என்று கேட்டா.

இந்த இடத்தில் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்க்க மாட்டா, கண் சரியாகத் தெரியாது. மரத்தையும் மீனையும் வைத்துத்தான் கேள்வி. மன்னாரில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்க மரம், அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். பெருக்கமர இனங்களில் அதிகம் இருப்பது மடகஸ்காரில். அதனால் அது உலகத்தைத் துண்டாடும் கேள்விதான், மாமி அதைத் தெரிந்து கேட்டாவோ தெரியாமல் கேட்டாவோ. ‘தென்னை காய்க்குமோ?’ என்று அவ கேட்பது இன்னும் நல்லது. வெப்பமா குளிரா என்று மயங்கத் தேவையில்லை, அயன மண்டலமும் அதற்கு வெளியே உள்ளதும் ஒரே கேள்வியில் அநேகமாகப் பிரிந்துவிடும்.

பெருக்கமரம் இல்லை என்றேன். மத்திய கோட்டுக்குத் தெற்கா? இல்லை. மடகஸ்காரும் மொரிசியஸும் சீசெல்ஸும் போயின. கேப் வேர்ட்டா? இல்லை. மகன் தலையைச் சொறிந்தான். அப்போது நாலாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுச் சின்னவள், “பனி கொட்டுமா அன்ரி?” என்றாள். பெரியவர்கள் சிரித்தார்கள், ஆபிரிக்கத் தீவில் பனியா என்று. ஓம் என்றேன். சிரிப்பு நின்றது.

சித்தப்பா எழும்பி வந்து படத்துக்குக் கிட்டக் குனிந்தார். அடித்துத் தள்ளிய பக்கத்தில், மேலே வடக்கே விரலை வைத்து, “டென்மார்க்கோட சேர்ந்ததோ?” என்றார். ஓம். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. கிறீன்லாந்தின் குறியீடு 299, பரோ தீவுகளின் குறியீடு 298, இரண்டும் டென்மார்க் முடிக்குக் கீழே, இரண்டும் ஆபிரிக்க வலயத்து இலக்கத்தில். இலங்கையை விடப் பெரிசா என்று மகள் கேட்டாள். ஓம் என்றதும் கிறீன்லாந்து என்று எல்லோரும் கத்தினார்கள். அட்டையில் இருந்தது இலுலிசாட். பனிப்பாறைகள் உடைந்து கடலுக்குள் மிதந்து வரும் பனிக்குடா அங்கே இருக்கிறது, 2004 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெயரை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை, அதனால் அரைப் புள்ளி. சித்தப்பாவுக்கு அதில் இன்னும் கோபம்.

அட்டைகளின் பெரிய குறைக்கு வருகிறேன். பின்பக்கத்தில் நாலு வரித் தகவல்தான். கேட்கிற கேள்விகளில் பத்தில் ஒன்றுக்குக்கூட அதில் பதில் இருக்காது. தென்னை காய்க்குமா, வாகனம் இடப்பக்கம் ஓடுமா என்பதெல்லாம் அட்டை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிழையான ஒரு ‘ஓம்’ போதும், மற்றவர்கள் வேறு கண்டத்தில் போய் நிற்பார்கள். சிறுபிள்ளை கையில் அட்டையைக் கொடுத்தால் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். எட்டு வயதுக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு எட்டு வயது சரி, பதில் சொல்ல எட்டு வயது காணாது.

தெரிந்த பெரியவராலும் சொல்ல முடியாத அட்டைகள் இருக்கின்றன. இஸ்தான்புல் ஆசியாவா ஐரோப்பாவா? பொஸ்பரஸ் நீரிணை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது, இரண்டும்தான். லா பாஸ் தலைநகரா? பொலிவியாவின் அரசாங்கம் இயங்குவது அங்கேதான், அரசியலமைப்பின்படி தலைநகர் சுக்ரே. இவற்றுக்குப் பெட்டியோடு வந்த விதித்தாளில் ஒரு வரியும் இல்லை. நாங்களாக ‘பாதி ஓம்’ என்று மூன்றாவது பதில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம்.

அந்த மூன்றாவது பதிலாலும் தீராத சண்டை பாகு அட்டையில் வந்தது. அசர்பைஜானின் தலைநகர். சித்தப்பா கேட்டது அவருடைய வழக்கமான கேள்வி, கப்பலால் போகலாமா? அட்டை மகன் கையில். பாகு கஸ்பியன் கரையில் இருக்கிறது. கஸ்பியன் பெயரில்தான் கடல், நாலு பக்கமும் தரை சூழ்ந்த உலகின் மிகப்பெரிய உள்நாட்டு நீர்நிலை அது. பாடப்புத்தகக் கணக்கில் அசர்பைஜான் கடலில்லாத நாடு, உலகத்தில் அப்படி 44 நாடுகள் இருக்கின்றன. மகன் ‘இல்லை’ என்றான். இடம் வெளியானபிறகு சித்தப்பா விட்டாரா? பாகுவில் துறைமுகம் இருக்கிறது, கருங்கடலிலிருந்து டொன் ஆற்றால் ஏறி, 1952 இல் திறந்த வொல்கா–டொன் கால்வாயால் வொல்காவுக்கு வந்து கஸ்பியனுக்குள் கப்பல் இறங்கும், பிறகென்ன ‘இல்லை’ என்றார். மகன் புத்தகத்தை நீட்டினான். “புத்தகம் எழுதினவன் கப்பல்ல போனவனோ?” என்றார். நான் சித்தப்பா பக்கம். கேள்வி ‘கடல் உண்டா’ என்று இருந்திருந்தால் மகன் பக்கம் நின்றிருப்பேன்.

பழைய அட்டைகளையும் கவனியுங்கள். எங்கள் பெட்டியில் கசகஸ்தானின் தலைநகர் நூர்-சுல்தான் என்று இருக்கிறது. 2019 இல் அஸ்தானாவுக்கு வைத்த பெயர் அது, 2022 இல் திரும்பவும் அஸ்தானா ஆக்கிவிட்டார்கள். பெட்டி எப்போது அச்சானது என்று இதிலிருந்தே தெரிகிறது. மாக்கரால் அடித்து மேலே திருத்தி எழுதினோம்.

மணற்கடிகாரத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. மாரி தொடங்கியதும் மணல் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்துவிட்டது. அட்டைகள் முழுக்க ஆங்கிலம், அதற்கு நான் ஸ்ரிக்கரில் தமிழ்ப் பெயர் எழுதி ஒட்டினேன். எல்லா வீட்டிலும் இதற்குப் பொறுமை இருக்காது.

ஆனால் அட்டைகள் அலுத்தபிறகும் விளையாட்டு அலுக்கவில்லை, அதுதான் பெட்டிக்கு நான் கொடுக்கும் பெரிய புள்ளி. மகள் பிறிஸ்டல் போட்டை வெட்டி வன்னிக்கு என்று தனிக் கட்டு செய்தாள். முறிகண்டிப் பிள்ளையார், மடுத்தேவாலயம், இரணைமடு, வற்றாப்பளை, நந்திக்கடல், வவுனிக்குளம், ஒட்டுசுட்டான், போரில் சாய்ந்த கிளிநொச்சித் தண்ணீர்த்தாங்கி. இங்கே தொலைபேசிக் குறியீடு உதவாது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதிதான் கிறீன்விச் கோடு, ‘ஏ9க்குக் கிழக்கிலா?’ என்று கேட்டால் வன்னி பாதியாகிவிடும். இரணைமடு கிழக்கு, மடு மேற்கு. முறிகண்டி வீதியிலேயே இருப்பதால் ‘பாதி ஓம்’. ‘பக்கத்தில் குளம் இருக்கா?’ என்று கேட்பவரை விளையாட்டிலிருந்தே துரத்தலாம், வன்னியில் குளமில்லாத ஊர் எது? ‘பெயர் குளம் என்று முடியுமா?’ என்பது மட்டும் ஓரளவு பிரிக்கும், அதற்குள்ளும் மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம் என்று வரிசையாக நிற்கும். ஆனையிறவு அட்டையைக் கட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். அது வன்னியா குடாநாடா என்று மாமியும் சித்தப்பாவும் தொடங்கினால் அன்றைக்குச் சோறு பிந்தும்.

சின்னவள் அந்தக் கட்டில் தண்ணீர்த்தாங்கி வந்தபோது “அது நிக்குதா, விழுந்து கிடக்குதா?” என்று கேட்டாள். இதற்கு ஓம் இல்லை சொல்ல முடியாது, திரும்பக் கேள் என்றோம். “விழுந்து கிடக்குதா?” என்றாள். ஓம். அடுத்த கேள்வி அவளுக்குத் தேவைப்படவில்லை.

யாருக்குப் பொருந்தும் என்றால், மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் வீட்டுக்கு. ஒவ்வொருவரும் வேறு வேறு பக்கத்தால் வந்து கேட்டால்தான் இது ஓடும். ஒரே வயதுப் பெடியள் நாலு பேர் இருந்தால் அரை மணித்தியாலத்தில் உதைபந்தாட்ட மைதானங்களின் பட்டியலாகிவிடும், பார்த்திருக்கிறேன். தனியாக விளையாட இது சரிவராது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பதானால் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். படம் பிளாஸ்டிக் பூசியதா, அச்சு 2022க்குப் பிந்தியதா. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் இதே வகைப் பெட்டியைப் பார்த்தேன், உள்ளே படம் வெறும் தாள், அதை வாங்க வேண்டாம். பெட்டியே வேண்டாம் என்றால், பெயரில்லாத உலகப்படம் ஒன்றை ஏ3 தாளில் அடித்து லமினேற் பண்ணி, பிறிஸ்டல் போட்டில் ஐம்பது ஊர் எழுதினால் காரியம் முடிந்தது. இரண்டும் என் கடையில் செய்து கொடுக்கிறேன். விமர்சனத்துக்குள் விளம்பரமா என்று கேட்டால், பதில் ‘ஓம்’.